மஞ்சப்பையும் முதுகுப்பையும்

இகுவாசு போவதாகத்தான் பேச்சு ஆரம்பித்தது.

கல்லூரியில் என்கூடப் படித்தவன் ஒருத்தன் சிங்கப்பூரில் இருக்கிறான். சம்பாதிப்பதை எல்லாம் விமான டிக்கெட்டாக மாற்றிவிடுகிற ஆள். ஒருநாள் ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸப்பில் படமாக அனுப்பிக்கொண்டே இருந்தான். எல்லாம் அருவி. பெருங்காட்டின் நடுவில் ஆறு திடீரென்று பள்ளத்தில் விழுகிறது. விழுகிற விளிம்பின் நீளம் மட்டும் 2.7 கிலோமீட்டர். அது நெடுக 275 அருவிகளாம். இந்தப் பக்கம் பிரேசில், அந்தப் பக்கம் அர்ஜென்டினா, கொஞ்சம் தள்ளி பராகுவே. முதல் நாள் பிரேசிலில் நின்று பார்த்துவிட்டு, மறுநாள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, பாலம் தாண்டி, பாஸ்போர்ட்டில் முத்திரை வாங்கி அர்ஜென்டினா பக்கம் போயிருக்கிறான்.

"அருவியில முக்காவாசிக்கு மேல அர்ஜென்டினாவுக்குள்ள இருக்கு மச்சி. ஆனா அது முழுசாத் தெரியணும்னா பிரேசில்ல நிக்கணும். அர்ஜென்டினாவுல நின்னா தெரியாது, நனைஞ்சிடுவோம்."

இந்த ஒரு குரல் செய்தி போதாதா? ராத்திரியோடு ராத்திரியாக நோட்டை எடுத்துக் கணக்குப் போட ஆரம்பித்தேன். ரெண்டு நாட்டுக்கு விசா. போகவர விமானம். அந்த நாடுகளுக்குப் போய்வந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்ட அட்டை வேண்டும், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது நம் ஊர் விமான நிலையத்திலேயே தனியாக உட்காரவைத்துவிடுவார்கள். அந்த ஊசிக்குச் சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வரை போகவேண்டும். கணக்கு மூன்று லட்சத்தைத் தாண்டியதும் நோட்டை மூடிவிட்டுப் படுத்துவிட்டேன்.

மறுநாள் சித்தப்பா வந்தார்.

சித்தப்பாவுக்கு லால்பேட்டை. பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர். லஸ்கர் என்றால் கப்பல் ஆள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கம் மதகைத் திறந்து மூடுகிறவர், அளவுகோலைப் பார்த்து எழுதுகிறவர், ஐப்பசி கார்த்திகையில் நடுராத்திரி டார்ச்சும் குடையுமாகக் கரையில் நடந்து உடைப்பு எடுக்கிறதா என்று பார்க்கிறவர், இவருக்குத்தான் லஸ்கர் என்று பெயர். வடவாறு, வீராணம் என்று வேலைக்காலம் முழுக்க அந்தக் கரைகளிலேயே போயிற்று. வீராணம் ஏரியின் முழு மட்டம் 47.5 அடி. அந்தப் புள்ளி ஐந்தை யாராவது விட்டுவிட்டுச் சொன்னால் இன்றைக்கும் அவருக்குக் கோபம் வரும்.

காவிரி மேட்டூரில் திறந்து, கல்லணை வந்து, கொள்ளிடத்தில் இறங்கி, அணைக்கரைக் கீழணையில் தேங்கி, அங்கிருந்து வடவாறு வழியாக வீராணத்துக்கு வருகிறது. சித்தப்பா கையில் திறந்த தண்ணீர் இப்படிச் சுற்றிச் சுற்றி வந்த தண்ணீர்தான். எங்கள் குறிஞ்சிப்பாடிக்குக் காவிரி கிடையாது. எங்களுக்குப் பெருமாள் ஏரி. அதற்குப் பரவனாறு, கூடவே நெய்வேலிச் சுரங்கத்தில் இறைத்து விடுகிற தண்ணீர். ஆனால் ஒன்று, காவிரி எங்கள் தாலுகா வழியாகத்தான் சென்னைக்குப் போகிறது. 2004-லிருந்து வீராணத்துத் தண்ணீரை வடக்குத்தில் சுத்தம் செய்து குழாயில் அனுப்புகிறார்கள். அதாவது காவிரி எங்களைத் தாண்டிப் போகும், நாங்கள் பார்க்க முடியாது.

சித்தப்பா என் கைப்பேசியில் இகுவாசுவைப் பார்த்தார். ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டே வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

"எவ்ளோ கனஅடிடா இது?"

தேடிப் பார்த்தேன். விநாடிக்கு 1,750 கனமீட்டர் சராசரி. கனஅடியாக மாற்றினால் அறுபத்திரண்டாயிரத்துக்குப் பக்கம்.

"அவ்ளோதானா? ஒகேனக்கல்ல ஒண்ணரை லட்சம் வருதுன்னு ரேடியோவுல எத்தினி வாட்டி சொல்லியிருக்கான்!"

"சித்தப்பா, அது வெள்ளம் வர்ற நாளு. இது வருஷம் முச்சூடும்."

"அது சரி. நீ ஒகேனக்கல் பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. முப்பத்தாறு வயதாகிறது. கோவா, ஹம்பி, லடாக் எல்லாம் போய்ப் பதிவு போட்டிருக்கிறேன். ஒகேனக்கல் போனதில்லை.

"நீங்க?"

"நானும் பாத்ததில்லடா. கோல் பாத்ததோட சரி." கோல் என்றால் அளவுகோல். தினமும் காலையில் ஒகேனக்கல் நீர்வரத்து இவ்வளவு, மேட்டூர் நீர்மட்டம் இவ்வளவு என்று வாசிப்பதைக் கேட்டுக் கேட்டே அத்தனை வருஷம் மதகு திறந்த மனிதர்.

போவது என்று அப்போதே முடிவாயிற்று. ஒகேனக்கல்லோடு திரும்பிவிடாமல், எல்லை தாண்டி, கர்நாடகத்தில் சிவனசமுத்திரம் வரை. சிங்கப்பூர்க்காரனுக்கு ரெண்டு நாடு என்றால் எங்களுக்கு ரெண்டு மாநிலம், அவ்வளவுதான்.

மூட்டை கட்டிய கதையைச் சொல்லியே ஆகவேண்டும். என்னிடம் அறுபது லிட்டர் முதுகுப்பை. இடுப்பில் ஒரு பட்டை, நெஞ்சில் ஒரு பட்டை, மழை உறை, தூங்கும் பை, சீக்கிரம் காய்கிற துண்டு என்று கடைக்காரர் சொன்னதை எல்லாம் வாங்கி வைத்திருந்தேன். சித்தப்பா ஒரு மஞ்சப்பையோடு வந்து நின்றார். உள்ளே ஒரு சட்டை, ரெண்டு கைலி, வெற்றிலைப் பெட்டி. கைலி எங்கள் ஊர்க் கைலி. குறிஞ்சிப்பாடியில் தறிச் சத்தம் முன்போல் இல்லை என்றாலும் கைலிக்கு இன்னும் பேர் இருக்கிறது. நாலு நாளில் அந்த ரெண்டு கைலி செய்த வேலையை எண்ணிப்பார்க்கிறேன்: போர்வை, துவட்டுகிற துண்டு, பஸ் சன்னலில் வெயிலுக்குத் திரை, லாட்ஜில் தலையணைக்கு உறை, தலையில் முண்டாசு, மீன் பொட்டலத்துக்கு மேல்சுற்று. என் தூங்கும் பையைப் பிரிக்கவே இல்லை.

குறிஞ்சிப்பாடி ஸ்டேஷனில் காலை வண்டி பிடித்து விருத்தாசலம், அங்கே மாறிச் சேலம் வண்டி. சின்னசேலம், தலைவாசல், ஆத்தூர் என்று ஊர்கள் மெதுவாக வந்து மெதுவாகப் போயின. சேலத்தில் பஸ், தருமபுரியில் இன்னொரு பஸ். தருமபுரி பஸ் நிலையத்தில் டீ குடிக்கும்போது, இதுதான் சித்தப்பா அந்தக் காலத்துத் தகடூர், அதியமான் ஊர் என்றேன். "அவ்வைக்கு நெல்லிக்கா குடுத்தவன்தானே. அதுல ஒண்ணு நமக்கும் வெச்சிருக்கலாம், முட்டி வலிக்குது" என்றார். பென்னாகரம் தாண்டினதும் சாலை மலையில் வளைந்து வளைந்து இறங்குகிறது. மலை ஏறி அருவிக்குப் போய்த்தான் எனக்குப் பழக்கம், ஏற்காடு எல்லாம் அப்படித்தான். ஒகேனக்கல்லுக்கு இறங்கிப் போகவேண்டும். அருவி உயரத்திலிருந்து வருவதில்லை. ஆறு சமதளமாக வந்து, காலடியில் பிளந்து கிடக்கும் பாறைக்குள் விழுகிறது. இகுவாசுவும் அதே ஜாதிதான்.

முதலில் வந்தது மீன் வாசனை. அருவிச் சத்தம் அதற்கப்புறம். கடை கடையாக மஞ்சளும் மிளகாயும் தடவிய மீனை அடுக்கி வைத்திருக்கிறார்கள். நடுவில் எண்ணெய்க் கிண்ணத்தோடு மாலிஷ்காரர்கள், "வாங்கண்ணா, ஒடம்பு வலி ஓடிரும்" என்று கூப்பிட்டபடி. சித்தப்பா எந்த யோசனையும் இல்லாமல் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாறையில் உட்கார்ந்துவிட்டார். முதுகில் டப் டப் என்று அடித்த அடியில் என் கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் இறக்கமா" என்கிறார். அந்த எண்ணெயோடு அருவியில் போய் நின்றால் தண்ணீர் வழுக்கிக்கொண்டு போகிறதே, அது ஒரு சுகம்.

தொங்கு பாலத்தில் ஏறினோம். அங்கேதான் சித்தப்பா நின்றுவிட்டார். கீழே தண்ணீர் ஒரு இடத்தில் விழவில்லை. பாறை சந்து பொந்தாக வெட்டுண்டு கிடக்க, சந்துக்குச் சந்து விழுந்து, மோதி, மேலே புகையாக எழும்புகிறது. ஹொகெ என்றால் கன்னடத்தில் புகை. ஒகேனக்கல், புகையும் கல். நாம் பால் என்றால் அவர்கள் ஹாலு. நாம் பள்ளி, அவர்கள் ஹள்ளி. நம் புகைதான் அங்கே ஹொகெ. கல் ரெண்டு பேருக்கும் கல்தான். பெயரிலேயே பாதி அங்கே, பாதி இங்கே.

சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் கையை நீட்டி, இந்தச் சந்து இவ்வளவு, அந்தச் சந்து இவ்வளவு என்று முணுமுணுத்துக் கூட்டினார். "பதினாலாயிரம் இருக்கும்டா." கீழே வந்து பரிசல்காரரிடம் இன்றைக்கு நீர்வரத்து என்ன என்று கேட்டோம். பன்னிரண்டிலிருந்து பதினைந்துக்குள் என்றார். சித்தப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் லால்பேட்டை அளவுகோல் நிமிர்ந்து நின்றது. நாலு நாள் முன்னால் தண்ணீர் கூடுதலாக வந்து பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டிருந்தார்களாம். எங்கள் நல்ல நேரம், விலக்கியிருந்தார்கள்.

பரிசலைப் பற்றிக் கொஞ்சம். மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னின பெரிய கூடை. அந்தக் காலத்தில் அடியில் மாட்டுத்தோல் போர்த்துவார்களாம், இப்போது பிளாஸ்டிக் தாள். ஒற்றைத் துடுப்பு. முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது, வட்டமானதற்கு எது முகம்? கரையில் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குப் போகும்போது பரிசல்காரர் அதைக் கவிழ்த்துத் தலையில் தூக்கிக்கொண்டு நடக்கிறார். தூரத்திலிருந்து பார்த்தால் கால் முளைத்த குடை. ரெண்டு பக்கமும் செங்குத்துப் பாறை, நடுவில் பச்சைத் தண்ணீர். அந்தப் பள்ளத்துக்குள் போனதும் சத்தம் எல்லாம் மேலே போய்விடுகிறது. அங்கேயும் இன்னொரு பரிசலில் சிப்ஸ் பொட்டலமும் குளிர்பானமும் தொங்கவிட்டுக்கொண்டு ஒருவர் பக்கத்தில் வந்து ஒட்டிக்கொண்டார். மிதக்கிற பெட்டிக்கடை.

சுற்றட்டுமா என்று கேட்டார் பரிசல்காரர். நான் வேண்டாம் என்பதற்குள் சித்தப்பா சரி என்றுவிட்டார். துடுப்பை ஒரு இழுப்பு இழுத்ததும் பரிசல் பம்பரமாகிவிட்டது. சட்டைப் பையில் இருந்த என் கைப்பேசி நேராகக் காலடித் தண்ணீருக்குள். அன்றைக்கு எடுத்த படம் எல்லாம் போயிற்று. இந்தப் பதிவில் ஒகேனக்கல் படம் ஏன் ஒன்றுகூட இல்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

சுற்றி நின்றதும் எதிரே ஒரு கரை. அங்கேயும் சில பரிசல்கள், சில குடும்பங்கள், நம்மைப் போலவே ஆரஞ்சு மிதவைச் சட்டை.

"அது எந்த ஊருங்க?"

"அது கர்நாடகாங்க."

"அங்க இறக்குவீங்களா?"

"அங்க இறக்க மாட்டோங்க. அவங்க பரிசல் அவங்க கரை, நம்ம பரிசல் நம்ம கரை."

நின்று கூப்பிட்டால் காதில் விழுகிற தூரம். அந்தக் கரையில் ஒரு குழந்தை எங்களைப் பார்த்துக் கை ஆட்டியது, நாங்களும் ஆட்டினோம். அங்கே போய் நிற்கவேண்டும் என்றால் பென்னாகரம், மேட்டூர், பாலாறு என்று மலையைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். சிங்கப்பூர்க்காரனுக்காவது பாலம் இருந்தது.

மீன் விஷயத்துக்கு வருகிறேன். கடையில் பொரித்ததை வாங்காதீர்கள். பச்சை மீனாக வாங்கி, அங்கே அடுப்பு வைத்திருக்கும் சமையல்காரம்மாக்களிடம் கொடுத்தால் உங்கள் கண்ணெதிரே குழம்பும் வறுவலும் செய்து தருவார்கள். கூலி தனி. எங்களுக்குச் சமைத்த அக்கா மீனைக் கையில் வாங்கியதும் செவுளைத் தூக்கிப் பார்த்து, "நல்ல மீனுதான், ஏமாத்தல" என்று சான்றிதழ் கொடுத்த பிறகுதான் அரிவாள்மனையை எடுத்தார். எங்கள் ஊர்க் கடல்மீன் குழம்பில் விழுகிற புளியில் பாதிகூட இதில் இல்லை, ஆற்றுமீனுக்கு அது போதும் என்று ஒரே வார்த்தை. ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு தட்டைப் பாறையில், கால் ரெண்டையும் தண்ணீரில் விட்டுக்கொண்டு, வாழையிலையில் சாப்பிட்டோம். யானை முதுகு மாதிரி நடுவில் லேசாக மேடு தட்டின பாறை. சித்தப்பா கை கழுவக்கூட எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலேயே குனிந்து காவிரியில் கழுவிக்கொண்டார்.

ராத்திரி தங்கியதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டாம். முன்பணம் கட்டிப் பதிவு செய்த அறை வேறொருவருக்குப் போயிருந்தது. கடைசியில் கிடைத்த அறையில் மின்விசிறி சுற்றியது, காற்று வரவில்லை.

மறுநாள் மேட்டூர். 1925-ல் ஆரம்பித்து 1934-ல் கட்டி முடித்த அணை, 120 அடி, 93.47 டி.எம்.சி. இந்த எண்களைச் சித்தப்பா பேரன் பேத்திப் பிறந்தநாள் மாதிரி சொல்லுவார். அணைக்குள் ஊர்கள் முழுகின கதை தெரிந்திருக்கும். தண்ணீர் நன்றாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலையைத் தூக்கும், ஒரு சர்ச்சின் கோபுரமும் தெரியும். தொலைக்காட்சிக்காரர்கள் ஓடிவந்து படம் பிடிப்பார்கள். நாங்கள் போனபோது ஒன்றும் தெரியவில்லை, ஒரே நீலம். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

"நந்தி முழுகிக் கெடந்தாத்தாண்டா எங்களுக்குச் சோறு" என்றார் சித்தப்பா.

முழுகினது என்றதும் சிங்கப்பூர்க்காரன் சொன்ன இன்னொரு கதை ஞாபகம் வந்தது. இகுவாசுவுக்கு வடக்கே, பிரேசிலுக்கும் பராகுவேக்கும் நடுவில், குவைரா என்று ஒரு அருவி இருந்ததாம். தண்ணீர் அளவில் உலகின் மிகப் பெரியவற்றில் ஒன்று. அந்த இடம் உனக்கா எனக்கா என்று ரெண்டு நாட்டுக்கும் தகராறு. கடைசியில் ரெண்டு பேரும் சேர்ந்து இதாய்ப்பு அணையைக் கட்டினார்கள். 1982-ல் தண்ணீர் தேக்கியதும் அருவியே அணைக்குள் போய்விட்டது. தகராறும் தீர்ந்தது, அருவியும் தீர்ந்தது. சித்தப்பா இதைக் கேட்டுவிட்டு, "கரெண்டு ரெண்டு பேருக்கும் சமமாத்தானே?" என்று மட்டும் கேட்டார். சமம்தான் என்றேன். தலையாட்டினார்.

மேட்டூரிலிருந்து மாதேஸ்வரன் மலைக்கு பஸ். கொளத்தூர் தாண்டிக் காடு. பாலாறு என்று ஒரு சிற்றாறு, வேலூர்ப் பாலாறு இல்லை, இது வேறு. அதுதான் எல்லை. இந்தக் கரையில் ஒரு செக்போஸ்ட், அந்தக் கரையில் ஒரு செக்போஸ்ட். போலீஸ்காரர் ஒருவர் ஏறி, என் முதுகுப்பையைச் சந்தேகமாகத் தட்டிப் பார்த்தார். சித்தப்பாவின் மஞ்சப்பையைப் பார்த்து, "மலைக்கா?" என்று கேட்டுவிட்டு இறங்கிவிட்டார். முத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. எல்லை தாண்டினது டீக்கடைப் பலகையில் எழுத்து வட்டமாக மாறினபோதுதான் தெரிந்தது. இந்தப் பக்கம்தான் 1993 ஏப்ரலில் வீரப்பன் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்துப்போனார்கள். பஸ்ஸில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அமாவாசைக்கு மாதேஸ்வரனைப் பார்க்கப் போகும் சேலத்துக் குடும்பம் ஒன்று புளிசாதம் பிரித்து எங்களுக்கும் கொடுத்தது. ஒகேனக்கல்லின் அக்கரைக்குப் போக கோபிநத்தம் சாலையில் திரும்பவேண்டும். விசாரித்ததில் அந்த நேரத்துக்கு வண்டி இல்லை. கை ஆட்டிய குழந்தையின் கரையை அந்தப் பயணத்தில் பார்க்கவில்லை.

கொள்ளேகால் பஸ் நிலையத்தில் என் பவுசு வெளுத்தது. பலகை எல்லாம் கன்னடம். தெலுங்கு மாதிரி இருக்கும் எழுத்தைத் தெரிந்த மாதிரி வாசித்து, சித்தப்பாவையும் இழுத்துக்கொண்டு ஏறினேன். நாலைந்து கிலோமீட்டர் போனதும் டிக்கெட் கேட்ட கண்டக்டர் சிரித்தார். பஸ் எளந்தூர் போகிறது. இறக்கிவிட்ட இடத்தில் ஒரு புளியமரம், ஒரு டீக்கடை, பெஞ்சில் ஒரு பெரியவர். நாங்கள் தமிழில் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு அவரே பேச்சுக் கொடுத்தார். கன்னட இழுவையோடு நல்ல தமிழ்.

"நான் பொறந்தது கோயமுத்தூர் ஜில்லா" என்றார்.

"எப்ப இங்க வந்தீங்க?"

"வரல. இங்கயேதான் இருக்கேன்."

அவர் சொல்லித்தான் தெரியும். 1956 நவம்பர் 1 வரைக்கும் கொள்ளேகால் தாலுகா சென்னை மாகாணத்தில், கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. மாநிலங்களை மொழிவாரியாகப் பிரித்தபோது மைசூரோடு போயிற்று. அவர் வீட்டுப் பழைய பத்திரம் எல்லாம் கோயமுத்தூர் ஜில்லா கொள்ளேகால் தாலுகா என்று தமிழில் இருக்குமாம். அப்பா தமிழில் கையெழுத்துப் போடுவார், இவர் கன்னடத்தில். அதே நாளில்தான் கன்னியாகுமரி நம் பக்கம் வந்தது, கூடவே திற்பரப்பு அருவியும் வந்தது. நாம் அந்த நாளைப் பேசினால் வந்ததையும் போனதையும் மலை, துறைமுகம், கோயில் என்று கணக்குப் பார்ப்போம். அருவிக் கணக்கு யாரும் பார்த்ததில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். சிவனசமுத்திரத்தில் காவிரி ரெண்டாகப் பிரிந்து ஒரு தீவைச் சுற்றுகிறது. கிழக்குக் கிளை பரச்சுக்கி அருவி, மேற்குக் கிளை ககனச்சுக்கி அருவி. 1956-க்கு முன்னால் தீவும் பரச்சுக்கியும் கோயம்புத்தூர் மாவட்டம், மேற்குக் கிளைக்கு அந்தப் பக்கம் மைசூர் ராஜ்யம். அதாவது அன்றைக்கு எல்லை அருவி, நம் இகுவாசு, சிவனசமுத்திரம்தான். ஒகேனக்கல்? இக்கரை சேலம் மாவட்டம், அக்கரை கோயம்புத்தூர் மாவட்டம். ரெண்டும் சென்னை மாகாணம். நாங்கள் பரிசலில் சுற்றின இடத்தில் அன்றைக்கு எல்லையே கிடையாது. ஒரு நள்ளிரவில் எல்லை ஒரு அருவியை விட்டுவிட்டு இன்னொரு அருவிக்குக் குடிபோயிருக்கிறது. "அவங்க பரிசல் அவங்க கரை" என்பதற்கு என் அப்பாவைவிட வயது குறைவு.

இதை நான் பரபரப்பாகச் சொல்ல, சித்தப்பா சன்னலில் கைலியைக் கட்டிக்கொண்டே கேட்டார். "அப்பவும் தண்ணி கேட்டு சண்டை இருந்திச்சில்ல?" இருந்தது. 1892-லும் 1924-லும் மைசூரும் சென்னையும் போட்ட ஒப்பந்தங்கள் எல்லாம் அதற்குத்தானே. இப்போதும் அளவு எல்லையில்தான். ஒகேனக்கல்லுக்கு மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வளக் கமிஷன் கோல் வைத்து அளக்கிறது. 2018-ல் உச்ச நீதிமன்றம் வருஷத்துக்கு 177.25 டி.எம்.சி. என்று சொன்னது அந்தக் கோலில் தெரியவேண்டிய அளவு. "அங்கயும் என்னை மாரி ஒருத்தன் உக்காந்திருப்பான்" என்றார்.

பரச்சுக்கியில் படி இறங்கிப் போனால் எதிரே அரைவட்டமாக அருவி. ஒகேனக்கல் மாதிரி காலடிப் பிளவில் விழுவது இல்லை, தலைக்கு மேலே உயரமாக, அகலமாக, வெள்ளைத் திரையாக. சாரல் ஐம்பதடி தள்ளி நின்றாலும் முகத்தில் அடிக்கிறது. ககனச்சுக்கியை எதிர்க்கரையில் பார்வை மேடையில் நின்றுதான் பார்க்கவேண்டும். அங்கே விழுகிற தண்ணீரைத் திருப்பி 1902-லேயே மின்சாரம் எடுத்திருக்கிறார்கள், திவான் சேஷாத்ரி ஐயர் காலத்து யோசனை. நூற்று நாற்பது கிலோமீட்டருக்கு மேல் கம்பி இழுத்துக் கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். பெங்களூர்த் தெருவிளக்கே அதற்கு மூணு வருஷம் கழித்துத்தான் எரிந்தது. தங்கவயலில் நம் ஆர்க்காடு ஜில்லா ஆட்கள் எத்தனை பேர் குழிக்குள் இறங்கினார்கள் என்பதை நினைத்தால், காவிரி அவர்களுக்கு முதலில் வெளிச்சமாகப் போயிருக்கிறது. ரெண்டு அருவியும் இப்போது ஒரே மாநிலம். நடுவில் இருப்பது மாவட்ட எல்லை. பரச்சுக்கி சாமராஜநகர், ககனச்சுக்கி மண்டியா. டிக்கெட் கிழிப்பவர்களைத் தவிர யாரும் அதைக் கவனிப்பதாகத் தெரியவில்லை.

சாரலில் நனைந்துகொண்டே கேட்டேன். "சித்தப்பா, இந்தத் தண்ணி லால்பேட்டை வர எத்தினி நாளாகும்? பத்து?"

"என்னாடா பேசுற. நேரா மேட்டூர்ல போய் நிக்கும். எப்பத் திறக்குறாங்களோ அப்பத்தான். தொறந்தப்புறம் கல்லணைக்கு மூணு நாளு. அதுக்கப்புறம் கொள்ளிடத்துல எவ்ளோ, வெண்ணாத்துல எவ்ளோன்னு பிரிக்கணும். கீழணை ஒம்போது அடி நெரம்பணும். அதுக்கப்புறந்தான் வடவாறு." கொஞ்ச நேரம் விட்டு, "2018-ல வந்துச்சி பாரு, முக்கொம்புல மதகே பிச்சிக்கிட்டு. அப்ப மட்டும் யாரும் கணக்குப் பண்ணல" என்றார்.

நனைந்த கைலியைப் பிழிந்து பாறையில் விரித்துவிட்டு, காய்ந்த கைலியைக் கட்டிக்கொண்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். என் சீக்கிரம் காய்கிற துண்டு, சொன்னால் நம்பமாட்டீர்கள், மறுநாள் சாயங்காலம் சேலத்தில்கூட ஈரமாகத்தான் இருந்தது.

ஊர் திரும்பினதும் சிங்கப்பூர்க்காரனுக்கு எழுதினேன். எந்தப் பக்கம் நல்லா இருந்துச்சு என்று கேட்டான். ஒரு பக்கம்தான் பார்த்தோம் என்று பதில் போட்டேன். செலவு எவ்வளவு என்றான். ரெண்டு பேருக்கும் சேர்த்து எட்டாயிரத்துச் சொச்சம், ஒரு கைப்பேசி தனி.

சித்தப்பா இன்னும் தினமும் காலையில் போன் பண்ணுகிறார். முன்பெல்லாம் விஷயத்தோடு விஷயமாக, இன்னிக்கு வரத்து இவ்வளவு, மட்டம் இவ்வளவு என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். போன வாரம் வரத்து நாற்பதாயிரத்தைத் தாண்டிய அன்று எண்ணைச் சொல்லவில்லை.

"நாம சாப்ட்டோமே, யானைப் பாறை. அது முழுகிருக்கும்டா இன்னிக்கு."